மறு: ஆல் வீல் டிரைவுக்குத் தமிழ்ச் சொல் – ஜப்பான் வண்டிகளின் அடியில் என்ன இருக்கிறது?

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

எஞ்சின் விசை நான்கு சக்கரத்துக்கும் போகும் ‘ஆல் வீல் டிரைவ்’ அமைப்புக்குத் தமிழ்ச் சொல் தேடும் இந்த இழையை முதல் மடலிலிருந்து படித்துவிட்டு எழுதுகிறேன். ‘நாற்சக்கர இயக்கம்’ ஒரு கட்சி, ‘அனைத்துச் சக்கர இயக்கம்’ மறு கட்சி என்று பிரிந்திருக்கிறோம். காருக்கு இருப்பதே நான்கு சக்கரம். அனைத்தும் என்றாலும் நான்குதான், நான்கும் என்றாலும் அனைத்தும்தான். ஜப்பானிலேயே இந்தச் சண்டை இல்லை. சுசூகியின் ஜிம்னியோ சுபாரு கம்பெனியின் கார்களோ, அங்கே எல்லாமே ‘யோன்ரின் குடோ’, பேச்சில் சுருக்கி ‘யோன்கு’. நான்கு சக்கரமும் ஓட்டப்படுவது என்பதற்கு மேல் அதில் எதுவும் இல்லை. தலைச்சொல்லாக நாமும் ஏதாவது ஒன்றை வைத்துக்கொண்டு நகரலாம். நமக்குச் சொல் இல்லாமல் தவிப்பது அதற்கு அடுத்த படியில்.

> ஆல் வீல் என்றால் எப்போதும் நான்கும் ஓடுவது. ஃபோர் வீல் என்றால் நாமே லீவரைப் போட்டு ஓட்டுவது. இரண்டு சொல் போதுமே ஐயா?

போதாது. ஹோண்டா 1995-இல் சிஆர்-வி என்ற காரைக் கொண்டுவந்தபோது அதன் அமைப்புக்கு ‘ரியல் டைம் ஃபோர் வீல் டிரைவ்’ என்று பெயர். அதில் லீவரே கிடையாது. நல்ல சாலையில் முன்சக்கரம் மட்டும் ஓட்டும், முன்சக்கரம் வழுக்கினால் பின்சக்கரம் தானாகச் சேர்ந்துகொள்ளும். சுசூகி இன்னொரு விதத்தில் குழப்புகிறது. ஜிம்னியில் இருப்பது ‘ஆல்கிரிப் ப்ரோ’, கிராண்ட் விட்டாராவில் இருப்பது ‘ஆல்கிரிப் செலக்ட்’. பெயரைப் பார்த்தால் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். வண்டியைத் தூக்கி அடியில் பார்த்தால் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லை. கம்பெனி ஒட்டும் பெயரை மொழிபெயர்க்கப் போனால் விளம்பரத்தைத்தான் மொழிபெயர்த்துக்கொண்டிருப்போம்.

ஆகவே நான் கேட்பது ஒரே கேள்விதான்: முன் அச்சையும் பின் அச்சையும் எது சேர்க்கிறது? அந்தப் பதிலை வைத்துத்தான் சொல் அமைய வேண்டும்.

ஏன் இந்தக் கேள்வி முக்கியம் என்றால், வண்டி வளைவில் திரும்பும்போது முன்சக்கரங்கள் பெரிய வட்டத்திலும் பின்சக்கரங்கள் சிறிய வட்டத்திலும் போகின்றன. முன் அச்சு கொஞ்சம் அதிகமாகச் சுற்றியாக வேண்டும். இரண்டையும் விறைப்பாகச் சேர்த்துவிட்டால் ஏதோ ஒரு சக்கரம் வழுக்கித்தான் கணக்கைச் சரிசெய்யும். சேற்றிலும் பனியிலும் அது தெரியாது. காய்ந்த தார்ச்சாலையில் ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்தால் யாரோ பிரேக்கைப் பிடித்தது மாதிரி வண்டி முரண்டும். ஜப்பான்காரர்கள் இதற்கென்றே ‘டைட் கார்னர் பிரேக்கிங்’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். இந்த முரண்டை எப்படித் தீர்த்தார்கள் என்பதில்தான் ஒவ்வொரு கம்பெனியும் மற்றதிலிருந்து வேறுபடுகிறது.

முதல் வழி, தீர்க்காமலே விடுவது. 1970-இல் வந்த முதல் ஜிம்னியிலிருந்து இன்று குருகிராமில் தயாராகும் ஐந்து கதவு ஜிம்னி வரைக்கும் இதுதான். நடுவில் டிஃபரன்ஷியல் (இரண்டு பக்கமும் வேறு வேறு வேகத்தில் சுற்ற விடும் பற்சக்கர அமைப்பு) இல்லை. லீவரை 4ஹெச்சில் (நான்கு சக்கரமும் ஓடும் நிலை) போட்டால் முன்னும் பின்னும் ஒன்றாகப் பூட்டிக்கொள்ளும். காய்ந்த சாலைக்கு வந்தால் நாமே 2ஹெச்சுக்கு (இரண்டு சக்கரம் மட்டும் ஓடும் நிலை) மாற்ற வேண்டும். நம் ஊரில் மாருதி ஜிப்சி ஓட்டியவர்களுக்கு இது புதிதில்லை. டிரைவ் என்பதற்கு ‘உந்தல்’ என்று வைத்து, இதற்கு பூட்டுந்தல் (பூட்டு + உந்தல்) என்று சொல்லலாம் என்பது என் முன்வைப்பு. ஒரே நுகத்தில் மாடு பூட்டுவது போல இரண்டு அச்சும் ஒரே வேகத்தில்தான் போக முடியும். பூட்டு என்ற சொல்லில் அந்தப் பிணைப்பும் இருக்கிறது, லாக் என்ற பொருளும் இருக்கிறது.

இரண்டாவது வழி, நடுவில் ஒரு டிஃபரன்ஷியல் வைத்து முன்னுக்கும் பின்னுக்கும் பங்கு பிரித்துவிடுவது. வளைவில் வேக வித்தியாசத்தை அதுவே விழுங்கிக்கொள்ளும். எந்தச் சாலையிலும் நான்கும் ஓடலாம். ஜப்பானியக் கார்களில் இந்த முழுநேர வகையை முதலில் கொண்டுவந்தது மஸ்தா, 1985-இல், ஃபெமிலியாவில். சுபாருவோ என்று பலர் நினைப்பார்கள். இதற்கு பங்குந்தல்.

சுபாரு பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இழையில் ஒருவர் ‘சமச்சீர் உந்தல்’ என்று சொல் போட்டிருக்கிறார். (சமச்சீர் என்றதும் எனக்குப் பாடப்புத்தகம்தான் நினைவுக்கு வந்தது, அது வேறு விஷயம்.) கதை வடகிழக்கு ஜப்பானில் தொடங்குகிறது. தோஹோகு மின்சார நிறுவனத்துக்குப் பனிக்காலத்தில் மின்கம்பிப் பாதைகளைப் பார்த்துவரும் வேலை. ஜீப்பில் போனால் குளிர், வசதியும் குறைவு. கார் மாதிரி சொகுசாக, ஜீப் மாதிரி ஏறக்கூடிய வண்டி கேட்டார்கள். மியாகி பகுதி சுபாரு விற்பனையாளர்கள் இருந்த ஒரு காரைப் பிரித்துச் செய்து காட்டினார்கள். அதிலிருந்து வளர்ந்து 1972-இல் லியோன் வேகன் வந்தது. ஆனால் அந்த முதல் லியோனும் லீவர் போடும் பூட்டுந்தல்தான்.

இன்று சுபாரு ‘சிமெட்ரிக்கல்’ என்று சொல்வது எஞ்சின், கியர்பெட்டி, பின்னுக்குப் போகும் தண்டு எல்லாம் வண்டியின் நடுக்கோட்டில் நேராக அமைந்து, இடமும் வலமும் எடை ஒத்திருப்பதை. நல்ல அமைப்புதான், மறுக்கவில்லை. ஆனால் அது எந்தப் பொருள் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று மட்டும் சொல்கிறது, முன்னும் பின்னும் எதனால் சேர்கிறது என்று சொல்வதில்லை. அதே பெயரின் கீழ் மேனுவல் கியர் வண்டிகளில் நடு டிஃபரன்ஷியலோடு பாகுப் பிணைப்பு (கெட்டியான திரவத்தால் இரண்டு பக்கத்தையும் பிணைக்கும் ‘விஸ்கஸ் கப்ளிங்’) இருந்தது, முன்னுக்கும் பின்னுக்கும் 50:50. சிவிடி (படிப்படியான கியர் இல்லாத ஆட்டோமேட்டிக்) வண்டிகளில் நடு டிஃபரன்ஷியலே இல்லாமல் பலதட்டு கிளட்ச், வழக்கமான பங்கு 60:40. வேகமான ஆட்டோமேட்டிக் மாடல்கள் சிலவற்றில் கோள்பற்சக்கர நடு டிஃபரன்ஷியல், 45:55. டபிள்யூஆர்எக்ஸ் எஸ்டிஐ என்ற வேகக் காரில் நடு டிஃபரன்ஷியலின் இறுக்கத்தை ஓட்டுநரே திருகிக் கூட்டலாம், கடைசித் தலைமுறையில் 41:59. இத்தனையையும் ‘சமச்சீர்’ என்ற ஒரே சொல்லில் கட்டினால் அகராதி பார்ப்பவருக்கு ஒன்றும் கிடைக்காது.

மூன்றாவது வழிதான் இன்று சாலையில் அதிகம். ஒரு ஜோடிச் சக்கரம் எப்போதும் ஓட்டும், இன்னொரு ஜோடியை ஒரு கிளட்ச் வேண்டும்போது சேர்க்கும். இதற்குக் கோவை நண்பர் கொடுத்த சொல்:

> தேவைக்கேற்ப இயங்கும் நாற்சக்கர இயக்க அமைப்பு

இது சொல் இல்லை நண்பரே, வாக்கியம். நீளத்தைக் கூட மன்னித்துவிடலாம், ‘தேவைக்கேற்ப’ என்பதுதான் இடறுகிறது. ஹோண்டாவின் பழைய அமைப்பில் இரண்டு எண்ணெய்ப் பம்புகள் இருந்தன. ஒன்றை முன்சக்கர வேகம் சுற்றும், மற்றதைப் பின்சக்கர வேகம். இரண்டும் ஒத்திருந்தால் எண்ணெய் சும்மா சுற்றிவரும். முன்சக்கரம் வழுக்கி வேகமெடுத்தால் மிஞ்சிய அழுத்தம் கிளட்சை நெருக்கும். அதாவது வழுக்கிய பிறகுதான் உதவி. அதற்குத் ‘தேவைக்கேற்ப’ பொருந்தும். ஆனால் இன்றைய மஸ்தாவில் வெளிவெப்பம், வைப்பர் ஓடுகிறதா என்பது உட்பட பல குறிப்புகளைக் கணினி பார்த்து, சாலை வழுக்கும் என்று ஊகித்து, வழுக்கும் முன்பே பின்சக்கரத்தைக் கூட்டிவைக்கிறது. தேவை வரும் முன்பே வருவதைத் தேவைக்கேற்ப என்று எப்படிச் சொல்வது?

என் முன்வைப்பு துணையுந்தல். எந்த நேரத்தில் வருகிறது என்பதைச் சொல்லாமல், யார் முதல் ஆள், யார் துணை ஆள் என்பதை மட்டும் சொல்கிறது. முன்பக்கம், பின்பக்கம் என்றும் அது தன்னைக் கட்டிப்போடவில்லை. இது ஏன் வேண்டும் என்றால் நிசான் இருக்கிறது. 1989-இல் வந்த ஸ்கைலைன் ஜிடி-ஆர் அடிப்படையில் பின்சக்கர வண்டி. அட்டீசா இ-டிஎஸ் என்ற அமைப்பில் முன்சக்கரம்தான் துணை, கிளட்ச் வழியாக அதிகபட்சம் பாதி விசை வரை முன்னுக்குப் போகும். சிஆர்-வியும் ஸ்கைலைனும் ஓட்டும் விதத்தில் எதிரெதிர் துருவங்கள், ஆனால் சேர்க்கும் முறையில் ஒரே இனம். நம் சொல் அந்த உறவைக் காட்டுவது எனக்குப் பிடித்திருக்கிறது.

சுபாரு ரசிகர்கள் இப்போது என்னைத் திட்டப்போகிறார்கள். சிவிடி ஃபாரஸ்டரில் கிளட்ச் எப்போதும் ஓரளவு சேர்ந்தே இருக்கிறதே, அதையும் துணையுந்தல் என்பீர்களா? என்பேன். பற்சக்கரம் பிரிக்கும் பங்கு வேறு, கிளட்ச் நெருக்கிக் கொடுக்கும் பங்கு வேறு. முதலாவது உலோகத்தில் வெட்டிய கணக்கு. இரண்டாவது கணினி அந்த நொடியில் எடுக்கும் முடிவு. டொயோட்டா ஜிஆர் யாரிஸ் 2020-இல் வந்தபோது 60:40, 30:70, 50:50 என்று மூன்று நிலைகள் கொடுத்தார்கள். அதில் நடு டிஃபரன்ஷியல் கிடையாது. முன்பின் பல்விகிதத்தில் வைத்த சிறு வேறுபாட்டையும் பின்னால் உள்ள கிளட்சையும் கொண்டே அந்தப் பங்கு வருகிறது. கெட்டிக்காரத்தனம்தான். ஆனால் 30:70 என்று தாளில் பார்த்ததும் அதைப் பங்குந்தல் என்று எழுதிவிடக் கூடாது.

நான்காவது வகையில் தண்டே இல்லை. டொயோட்டா 2001-இல் எஸ்டிமா ஹைப்ரிடில் பின்சக்கரத்துக்குத் தனி மின்மோட்டார் வைத்தது. முன்னுக்கும் பின்னுக்கும் கம்பி மட்டும்தான் உறவு. நிசான் 2002-இல் மார்ச்சில் செய்தது இன்னும் எளிமை: எஞ்சின் ஒரு ஜெனரேட்டரைச் சுற்றும், அது பின்மோட்டாரை ஓட்டும், 30 கிமீ வேகத்தைத் தாண்டினால் விலகிக்கொள்ளும். பனி குவிந்த வாசலிலிருந்து தெருவுக்கு வந்து சேர அது போதும். இப்படிப்பட்ட வண்டிகளை ஜப்பானில் ‘செய்கத்சு யோன்கு’ என்பார்கள், அன்றாட வாழ்க்கைக்கான நான்கு சக்கரம். ஹொக்கைடோவில் மளிகைக்கடைக்குப் போகிறவருக்கு மலையேறத் தேவையில்லையே! (அந்த மார்ச்சின் அடுத்த தலைமுறை மைக்ரா என்ற பெயரில் நம் ஒரகடத்தில் தயாரானது. நமக்கு எதற்குப் பனி என்று முன்சக்கரத்தோடு விட்டுவிட்டார்கள்.) இதற்கு தனியுந்தல்.

‘உந்தல்’ மீது வந்த எதிர்ப்பு:

> முன்சக்கரம் வண்டியை இழுக்கிறது, உந்தவில்லையே?

எந்தச் சக்கரமும் தரையைப் பின்னால் தள்ளித்தான் வண்டியை நகர்த்துகிறது. அது முன்னால் இருந்தாலும் பின்னால் இருந்தாலும் தரையை உந்துவதுதான். பேருந்தும் மகிழுந்தும் ஏற்கெனவே வழக்கில் இருப்பதால் காதுக்கும் பழக்கம்.

யாழ்ப்பாண நண்பர் ‘சக்கரம்’ வேண்டாம், ‘சில்லு’ என்று போடுங்கள் என்கிறார், ‘இயக்கம்’ என்றால் எங்கள் பக்கம் வேறு ஞாபகம் வரும் என்றும் சொல்கிறார். இரண்டும் நியாயம். இலங்கைச் சாலைகளில் பழைய ஜப்பான் வண்டிகள் ஏராளம் என்பதால் இந்தப் பெயர்ப்பலகைகளை நம்மைவிட அவர்தான் அதிகம் பார்த்திருப்பார். நான்கு வகைச் சொற்களிலும் சக்கரமும் இல்லை, சில்லும் இல்லை, இயக்கமும் இல்லை. தலைச்சொல்லை மட்டும் நாற்சக்கர உந்தல், நாற்சில்லு உந்தல் என்று இரண்டு வடிவமாக வைத்துக்கொள்ளலாம். அகராதி ஒன்றும் இடிந்துவிடாது.

அப்புறம் ‘டார்க் வெக்டரிங்’. ‘திசையன் முறுக்கம்’ என்று வந்திருப்பது கணக்குப் பாடம் போல இருக்கிறது. அதில் நடப்பது இடது சக்கரத்துக்கும் வலது சக்கரத்துக்கும் விசையை வேறு வேறாகப் பிரிப்பது. மிட்சுபிஷி 1996-இல் லான்சர் எவல்யூஷன் நான்கில் ஏஒய்சி என்ற பெயரில் பின் டிஃபரன்ஷியலுக்குள் இதை வைத்தது. ஹோண்டா 2004-இல் லெஜண்டில் எஸ்ஹெச்-ஏடபிள்யூடி என்று கொண்டுவந்தபோது, பின்னுக்கு வரும் விசை முழுவதையும்கூட வெளிப்பக்கச் சக்கரம் ஒன்றுக்கே கொடுக்க முடிந்தது, வண்டி வளைவுக்குள் தானாக மூக்கைத் திருப்பும். தமிழில் ‘முன்பின்’, ‘இடவலம்’ என்று தயாராகச் சொற்கள் இருக்கும்போது முன்பின் பங்கீடு, இடவலப் பங்கீடு என்றால் விளக்கமே வேண்டாம். நான்கு வகை உந்தலில் எதோடும் இடவலப் பங்கீடு சேர்ந்து வரலாம். அதனால் இதை ஐந்தாவது வகையாக எண்ண வேண்டாம்.

டிஃபரன்ஷியலையும் கிளட்சையும் இப்போதைக்குத் தொடவில்லை. ‘வேறுபாட்டுப் பல்லிணை’, ‘உரசிணைப்பி’ இரண்டும் இருக்கின்றன, பட்டறையில் யாரும் சொல்வதில்லை. அதற்குத் தனி இழை போடுவோம்.

ஒரு முடிச்சு மட்டும் எனக்கு அவிழவில்லை. 1991-இல் இரண்டாம் தலைமுறை பஜேரோவில் மிட்சுபிஷி வைத்த ‘சூப்பர் செலக்ட்’. 2ஹெச்சில் பின்சக்கரம் மட்டும். 4ஹெச்சில் நடு டிஃபரன்ஷியல் வேலை செய்யும், காய்ந்த சாலையிலும் போகலாம், அது பங்குந்தல். அடுத்த நிலையில் அதே டிஃபரன்ஷியலைப் பூட்டிவிடும், அது பூட்டுந்தல். ஒரே லீவரில் இரண்டு வகை. இதை ‘பூட்டக்கூடிய பங்குந்தல்’ என்று எழுதலாமா, அல்லது ‘பங்குபூட்டு’ என்று ஒரு கலப்புச் சொல் வேண்டுமா? திருவள்ளூர் ஆலையில் பஜேரோவைப் பூட்டிச் சேர்த்த காலத்தில் அங்கே வேலை பார்த்தவர்கள் குழுமத்தில் யாராவது இருந்தால், அந்த லீவரை அங்கே என்ன பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள் என்று எழுதுங்கள்.

அன்புடன்.