மழை ராத்திரியில் ஆர்சிசிபி விழுகிறது, சீலிங் லைட் சர்க்யூட்டை எப்படி டெஸ்ட் செய்வது?

பெங்களூரு அல்சூரில் மேல்மாடி வீடு. ஹால் ஃபால்ஸ் சீலிங்கில் 7 வாட் எல்இடி டவுன்லைட் 12, போட்டு 4 வருஷம். மூன்று வாரமாக, மழை பெய்கிற ராத்திரிகளில் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி (எர்த்துக்குக் கரண்ட் கசிந்தால் சப்ளையைத் துண்டிக்கும் ஸ்விட்ச்) விழுகிறது. அந்த சர்க்யூட்டின் சிங்கிள் போல் எம்சிபியை (பேஸை மட்டும் துண்டிக்கும் பிரேக்கர்) அணைத்து வைத்தாலும் விழுவதால், நியூட்ரல்தான் எங்கோ எர்த்தைத் தொடுகிறது என்று நினைக்கிறேன்.

ஆர்சிசிபியை மாற்றியாகிவிட்டது. லைட்டுகளை இறக்கிப் பார்த்தபோது ஒன்றின் பின்னால் கனெக்டர் கறுத்து, ஒயர் தோல் உருகி ஒட்டியிருந்தது, அதையும் மாற்றினோம். அப்புறமும் அதே கதைதான். ஆர்சிசிபியையே எடுத்துவிடலாம் என்றார் ஒருவர், குழந்தை இருக்கிற வீடு, முடியாது என்றேன்.

நாளை மெகர் (ஒயர் இன்சுலேஷனை டெஸ்ட் செய்யும் மீட்டர்) வருகிறது. லைட்டுகளுக்குக் கரண்ட் கொடுக்கும் 12 எல்இடி டிரைவரையும் கழற்றிவிட்டு 500 வோல்ட்டில் பார்க்க வேண்டுமா, இல்லை டிபியில் (பிரேக்கர்கள் இருக்கும் பெட்டி) கழற்றிய பேஸையும் நியூட்ரலையும் சேர்த்து எர்த்துக்கு 250 வோல்ட்டில் பார்த்தால் போதுமா?