கொள்ளைநோய்க்குப் பின் இங்கிலாந்தில் பண்ணையடிமை முறை சரிந்தது எதனால்: கூலியா, கருத்தா?

பழையகணக்கு:
1348-49 கொள்ளைநோயில் ஆள் குறைந்தது, கூலி ஏறியது, குடியானவனை ஆண்டையின் நிலத்தோடு கட்டிப்போட்ட பண்ணையடிமை முறை போயிற்று என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். அப்படியானால் 1381 குடியானவர் கிளர்ச்சிக்கும் பாதிரியார் ஜான் பாலின் பிரசங்கத்துக்கும் இதில் என்ன வேலை?

களத்துமேடு:
அந்த ஒரு வரியில் ஆண்டுக் கணக்கே தப்பு. காசுக் கூலி சீக்கிரமே ஏறியது, ஆனால் தானிய விலையும் இறங்கவில்லை. 1370களின் நடுவில் விலை சரிந்த பிறகுதான் ஏறிய கூலி வயிற்றுக்கு வந்தது. நிலப்பிரபுக்களும் சும்மா இருக்கவில்லை. 1351 தொழிலாளர் சட்டம் கூலியைக் கொள்ளைநோய்க்கு முந்தைய அளவுக்கு இழுத்துக் கட்டியது: அறுப்புக்கு ஆகஸ்ட் முதல் வாரம் நாளுக்கு 2 பென்ஸ், அடுத்த வாரம் 3. 1380இல் போட்ட தலைவரியோ 15 வயதுக்கு மேற்பட்டவர்களுக்குச் சராசரியாகத் தலைக்கு 12 பென்ஸ். புருஷன், பெண்டாட்டி இருவருக்கும் சேர்த்தால் சட்டக் கூலியில் 8 முதல் 12 நாள் அறுப்பு. எசெக்ஸ் மாவட்டத்தில் கிளர்ச்சித் தீ பிடித்ததற்கு இதற்குமேல் விளக்கம் வேண்டாம்.

விஸ்துலாக்கரை:
வேண்டும். போலந்திலும் நிலம் மிகுதி, ஆள் அரிது. அங்கே 1496 சட்டம் குடியானவன் ஊரைவிட்டுப் போவதை முடக்கியது. 1520இல் வாரம் ஒரு நாள் வெட்டி, அதாவது ஆண்டை நிலத்தில் கூலியில்லா வேலை, கட்டாயமானது, பிறகு நாள் கூடிக்கொண்டே போயிற்று. விளைந்த தானியம் விஸ்துலா ஆற்று வழியே டான்சிக் துறைமுகம் போய், அங்கிருந்து ஆம்ஸ்டர்டாமுக்குக் கப்பலேறியது. ஆள் கிடைக்காதபோது ஆண்டை கூலியைக் கூட்டியும் கொடுக்கலாம், கட்டியும் போடலாம்.

தோல்சுருள்:
கருத்து என்றதும் எல்லோரும் "ஆதாம் உழுது ஏவாள் நூற்றபோது சீமான் யார்?" என்று ஜான் பால் கேட்டதில் போய் நிற்கிறோம். அவர் 1360களிலிருந்தே பிரசங்கம் செய்துகொண்டிருந்தவர். எனக்கு 1377தான் பெரிதாகப் படுகிறது. தெற்கே சுமார் 40 ஊர்க் குடியானவர்கள், 1086இல் அரசர் எடுத்த டூம்ஸ்டே நிலப் பதிவேட்டிலிருந்து தங்கள் ஊர்ப் பகுதிக்கு நகல் வாங்கினார்கள். 'இது பழைய அரச நிலம், ஆண்டைக்கு வெட்டி செய்யும் கடமை எங்களுக்கு இல்லை' என்பது வாதம். எடுபடவில்லை. ஆனால் கூலிப் பேரம் உரிமைப் பேச்சாகிவிட்டது. நான்கு வருஷம் கழித்துக் கிளர்ச்சிக்காரர்கள் பண்ணை நீதிமன்றச் சுருள்களைத் தேடித் தேடிக் கொளுத்தினார்கள். வெட்டி, கல்யாணத்துக்குக் கட்டும் பணம், குடும்பத்தலைவன் செத்தால் ஆண்டைக்குப் போகும் நல்ல மாடு எல்லாம் பதிவானது அந்தத் தோல் சுருள்களில்தானே. லண்டனை ஒட்டிய மைல் எண்டில் அரசர் ரிச்சர்டிடம் கேட்டதும் இரண்டும் கலந்துதான்: அடிமை முறை ஒழிப்பு, ஏக்கருக்கு 4 பென்ஸ் குத்தகை.

பழையகணக்கு:
அப்படியானால் 1381 ஜெயித்ததா?

தோல்சுருள்:
இல்லை. ஜூன் 14இல் ரிச்சர்ட் ஒப்புக்கொண்டதை ஜூலை 2இல் ரத்து செய்துவிட்டார். அடிமை முறையை எந்தச் சட்டமும் ஒழிக்கவில்லை. குத்தகைக்கு ஆள் கிடைக்காமல் 15ஆம் நூற்றாண்டில் ஆண்டைகளே வெட்டியைக் காசுக் குத்தகையாக மாற்றினார்கள். அந்த நிலத்துக்குக் குடியானவன் கையில் இருந்த பத்திரம் எது தெரியுமா? அதே நீதிமன்றச் சுருளின் நகல்.