பொடுதலைக்குள் கோரை: ஹாலோசல்பியூரான் களைக்கொல்லி அடிக்கலாமா?

20க்கு 15 அடி புல்தரையை எடுத்துவிட்டு ஓரடி இடைவெளியில் பொடுதலை நட்டிருக்கிறோம். களிமண், நாள் முழுக்க வெயில். பொடுதலை நன்றாகவே படர்ந்துவிட்டது. தண்ணீர் தேங்கும் தாழ்வான மூலையில் மட்டும் கோரை அதை முந்துகிறது.

பிடுங்கினால் தண்டுதான் கையோடு வருகிறது. கிழங்கு மண்ணிலேயே தங்கி மறுபடி முளைக்கிறது. நடுவதற்கு முன் விரித்த கறுப்பு பாலித்தீனையும் குத்திக்கொண்டு வந்தது (கோரைக்கு அதெல்லாம் ஒரு பொருட்டா!). 3 அங்குல மரப்பட்டை மூடாக்கும் பலிக்கவில்லை. கிளைபோசேட் களைக்கொல்லி பொடுதலையையும் சேர்த்துக் கொல்லும் என்பதால் தொடவில்லை. மிச்சம் ஹாலோசல்பியூரான்தான். கோரையைக் கொல்லும், புல்லை விட்டுவிடும். ஆனால் பொடுதலை புல் இல்லையே, அகன்ற இலைச் செடி.

படர்ந்த பொடுதலை மேல் ஹாலோசல்பியூரான் தெளித்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா, செடி தப்பியதா?