தொடக்க வகுப்பில் பாட்டு: வாசிப்புக்குத் துணையா, குறையை மறைக்கும் திரையா?

வாசிப்புப் பயிற்றுநர்:
முதல் இரண்டு வகுப்புகளில் பாட்டுக்கு ஒதுக்கும் நேரத்தில் பாதியையாவது எழுத்தறிதலுக்குத் திருப்ப வேண்டும் என்பது என் கருத்து. எழுத்துக் கூட்டிப் படிக்கத் திணறும் குழந்தைகளோடு தனித்தனியே உட்கார்ந்து பயிற்சி கொடுப்பது என் வேலை. அவர்களில் பலர் பாடப்புத்தகத்துப் பாடலை ஒரு சொல் பிசகாமல் ஒப்பிப்பார்கள். அதே பாடலின் மூன்றாம் அடியில் ஒரு சொல்லைத் தொட்டுக் காட்டி "இது என்ன?" என்று கேட்டால், முதல் அடியிலிருந்து வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டே வந்து, அந்த இடத்தை எட்டிய பிறகுதான் விடை சொல்கிறார்கள். அச்சொல்லையே வேறு தாளில் எழுதிக் காட்டினால் விழிக்கிறார்கள். வகுப்பே சேர்ந்து பாடும்போது படிக்கத் தெரியாத குரல் எது என்று ஆசிரியருக்குத் தெரிய வழியில்லை; தெரியாமலே ஆண்டு முடிந்துவிடுகிறது.

இரண்டாம் வகுப்பு ஆசிரியை:
ஐயா, நீங்கள் சொல்லும் குழந்தை என் வகுப்பிலும் உண்டு. ஆனால் குறை பாட்டில் இல்லை. பாடி முடித்தவுடன் புத்தகத்தை மூடிவிடும் வழக்கத்தில் இருக்கிறது. ஒலி ஒப்புமையைக் காதால் பிடிக்கும் திறனுக்கும் வாசிப்புக்கும் உள்ள தொடர்பை லினெட் பிராட்லி, பீட்டர் பிரையன்ட் என்னும் ஆய்வாளர்கள் 1983இலேயே காட்டிவிட்டார்கள். ஒலியால் சொற்களை இனம் பிரிக்கப் பழகிய குழந்தைகள் வாசிப்பில் முன்னேறினார்கள். பாட்டைக் குறைத்தால் அந்தப் பழக்கத்துக்கு வேறு எதை வைப்பீர்கள்?

வாசிப்புப் பயிற்றுநர்:
அந்த ஆய்வை முழுமையாகச் சொல்ல வேண்டும், அம்மா. ஒலியை மட்டும் பழகியவர்களைவிட, ஒலியோடு பிளாஸ்டிக் எழுத்துகளையும் கையில் எடுத்து அடுக்கிப் பழகிய பிரிவினரே அதில் தெளிவாக முன்னேறியவர்கள். பின்னர் 1998இல் மியூட்டர், ஹியூம், ஸ்னோலிங் முதலியோர் வெளியிட்ட ஆய்வு, தொடக்கநிலை வாசிப்பு முன்னேற்றத்தை முன்கூட்டிக் காட்டுவது சொல்லைத் தனி ஒலிகளாகப் பிரிக்கும் திறனே, இயைபை உணரும் திறனன்று என்று முடித்தது. மேலும் இவை இரண்டும் ஆங்கிலம் படிக்கும் குழந்தைகளைப் பற்றியவை.

தமிழ்ப் பாட்டில் இன்னொரு சிக்கலும் உண்டு. ஓசைக்காகச் சொற்கள் புணர்ந்து நிற்கும். சில இடங்களில் ஒரு சொல்லே இரண்டாக உடைந்து பாதி ஒரு சீரிலும் மீதி அடுத்த சீரிலும் விழும். இலக்கணம் இதை வகையுளி என்று சொல்லி நமக்கு விளக்கிவிடலாம். ஆனால் எழுத்துகளுக்கிடையே உள்ள இடைவெளிதான் சொல்லின் எல்லை என்று இப்போதுதான் கற்றுக்கொண்டிருக்கும் ஆறு வயதுக் குழந்தைக்கு அதை யார் விளக்குவது?

இரண்டாம் வகுப்பு ஆசிரியை:
வகையுளி வரும் பாடலை வாசிப்புக்கு எடுக்கக் கூடாது என்பதை ஏற்கிறேன். அதைக் காதால் கேட்டு மகிழட்டும். ஆனால் ஆய்வுகள் ஆங்கிலத்துக்கு உரியவை என்று நீங்கள் சொன்னதே என் வாதத்துக்கு வலுச் சேர்க்கிறது. ஆங்கில இயைபு பெரும்பாலும் அடியின் கடைசியில் வருகிறது. தமிழ் எதுகையோ அடியின் தொடக்கத்தில், இரண்டாம் எழுத்தில் நிற்கிறது. அடிகளை ஒன்றன்கீழ் ஒன்றாகக் கரும்பலகையில் எழுதினால் காதில் ஒத்த ஒலி கண்ணுக்கும் ஒரே எழுத்தாகத் தெரியும். முதல் எழுத்து அளவில் ஒத்திருக்க வேண்டும் என்பதும் எதுகையின் விதி. "கட்டு" என்பதற்குப் "பட்டு" பொருந்தும், "பாட்டு" பொருந்தாது. குழந்தைகளின் ஏடுகளில் நான் மிகுதியாகத் திருத்துவது குறில் நெடில் பிழைகளைத்தான். அந்த வேறுபாட்டைக் காதுக்குப் பழக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

என் வகுப்பில் நடப்பதைச் சொல்கிறேன். பாடிய பிறகு எதுகைச் சொற்களை மட்டும் பலகையில் விட்டுவிட்டு மற்றவற்றை அழித்துவிடுவேன். கட்டு, தட்டு, மட்டு என்று நிற்கும் வரிசைக்குக் குழந்தைகள் புதுச் சொல் தர வேண்டும். அண்மையில் ஒரு சிறுவன் "ஞட்டு" என்றான். வகுப்பு சிரித்தது. அப்படியொரு சொல் இல்லைதான். ஆனால் முதல் எழுத்தை மட்டும் கழற்றி இன்னொன்றை மாட்டலாம் என்பது அவனுக்குப் பிடிபட்டுவிட்டது. அவனையே எழுந்து வரச் சொல்லி அதைப் பலகையில் எழுத வைத்தேன். "ஞ" எழுத அவன் அதற்கு முன் மறுத்துக்கொண்டிருந்தவன்.

ஒரு தாய்:
இடையில் ஒன்று சொல்ல அனுமதியுங்கள். என் மகனுக்குப் பேச்சில் திக்கல் உண்டு. பலரோடு சேர்ந்து பாடும்போது அது ஏறத்தாழ மறைந்துவிடுகிறது. இது திக்கல் உள்ள பலரிடம் காணப்படுவது என்று பேச்சுப் பயிற்சியாளரும் சொன்னார். வகுப்பில் அவன் தடையில்லாமல் குரல் கொடுக்கும் நேரம் பாட்டு நேரம் ஒன்றுதான். "குரல் மறைகிறது" என்று பயிற்றுநர் ஐயா குறையாகச் சொல்வது என் பிள்ளைக்குப் பாதுகாப்பாக இருக்கிறது. யார் படிக்கிறார்கள் என்று கண்டுபிடிப்பதற்காக ஒவ்வொருவரையும் எழுப்பித் தனியே பாட விட்டால் அவன் பாட்டையும் இழந்துவிடுவான்.

வாசிப்புப் பயிற்றுநர்:
அம்மா, தனியே பாட வைக்கும்படி நான் கேட்கவில்லை. எவரும் கேட்கவும் கூடாது. படிக்கிறார்களா என்று அறியக் குரலே தேவையில்லை, அட்டையில் உள்ள சொல்லை விரலால் தொட்டுக் காட்டினால் போதும்.

ஆசிரியை அவர்கள் பலகையில் செய்வது பாட்டை வைத்துச் செய்யும் எழுத்தறிதல். அதை நான் எதிர்க்கவில்லை. ஆனால் பெரும்பாலான வகுப்புகளில் பாட்டு நேரம் பாடுவதோடு நின்றுவிடுகிறது. நேரத்தைத் திருப்ப வேண்டும் என்ற என் கோரிக்கை அந்த வகுப்புகளை நோக்கியது, அதை விட்டுக்கொடுக்க மாட்டேன். உங்களிடம் ஒரு கேள்வி: பலகையில் எழுதிய சொற்களை, பாட்டே நினைவுக்கு வராத வேறொரு வாக்கியத்தில் வைத்து மறுவாரம் படிக்கச் சொல்கிறீர்களா?

இரண்டாம் வகுப்பு ஆசிரியை:
சொல்கிறேன். எல்லாரும் படித்துவிடுவதில்லை, படிக்காதவர்களுக்கு எழுத்து அட்டைகளோடு தனி நேரம் ஒதுக்குகிறேன். ஆனால் அந்த நேரத்தைப் பாட்டிலிருந்து எடுப்பதில்லை, பார்த்து எழுதும் பயிற்சியிலிருந்து எடுக்கிறேன். வீட்டுப் பேச்சில் "இருக்கு" என்று மட்டுமே கேட்டு வளர்ந்த குழந்தையின் வாய்க்கு "இருக்கிறது" என்னும் எழுத்துவழக்கு முதலில் இயல்பாக வந்து சேர்வது பாட்டின் வழியாகத்தான். பாதி நேரத்தை வெட்டினால் அதுவும் பாதியாகும் என்பதால் உங்கள் கோரிக்கையை என்னால் ஏற்க முடியவில்லை.