காம்பாக் கம்ப்யூட்டரோடு பழகியவங்க உண்டா? உங்க அனுபவத்தைச் சொல்லுங்க

ஆடிட் பையன்

ரொம்ப நாளா மனசுல கிடக்குற விஷயம், இங்கேயே கொட்டிடறேன். 80களின் நடுவில் சிங்கப்பூர் ராபின்சன் ரோட்டில் ஒரு ஆடிட் ஆபீஸ். நான்தான் கடைசி ஆள். அதனால காம்பாக்னு ஒரு அமெரிக்கக் கம்பெனி செஞ்ச போர்ட்டபிள் கம்ப்யூட்டரைத் தூக்கிட்டு வாடிக்கையாளர் கடைக்குப் போறது என் வேலை. பேருதான் போர்ட்டபிள், எடை 12 கிலோவுக்கு மேல. தையல் மிஷின் பெட்டி மாதிரி இருக்கும். மூடியைக் கழட்டினா அதுதான் கீபோர்டு, உள்ளே 9 அங்குலப் பச்சைத் திரை. டாக்சியில மடியில வச்சா இறங்கும்போது கால் மரத்திருக்கும்.

சர்க்குலர் ரோட்டில் ஒரு துணி மொத்த வியாபாரி. அங்க கணக்கு பார்த்த சீனப் பெரியவர் கையில எப்பவும் மணிச்சட்டம் இருக்கும். கடையில புது ஐபிஎம் பிசி இருந்தாலும் அதை அவர் நம்பினதில்லை. எங்க பெட்டியை அதைவிட நம்பல. ஐபிஎம்ல ஓடிட்டிருந்த லோட்டஸ் 1-2-3ங்கிற கணக்கு நிரலோட டிஸ்க்கை உருவி எங்க மிஷின்ல சொருகினார். ஓடுச்சு. திரும்ப உருவி ஐபிஎம்ல சொருகினார். மறுபடி இங்க. கூட்டுத்தொகையை மணிச்சட்டத்துல தட்டிப் பார்த்தார். எல்லாம் ஒண்ணுதான். அப்புறம் என்னைப் பார்த்துக் கேட்டார், பாதி மலாய், பாதி ஆங்கிலம்: "அதே டிஸ்க், அதே கணக்கு. அப்போ அந்தப் பேருக்கு எதுக்கு எங்க முதலாளி காசு கொடுத்தார்?"

பதில் சொல்லத் தெரியாம முழிச்சேன். பின்னாடி சிம் லிம் ஸ்கொயர்ல வரிசையா பேரில்லாத பிசிக்கள் விலைக்கு வந்தப்போ, காம்பாக் விலைச் சீட்டைப் பார்க்கும்போதெல்லாம் அந்தப் பெரியவர் ஞாபகம்தான் வரும்.

ஜோகூர் பொண்ணு

அண்ணே, நீங்க சுமந்தீங்க, நான் செஞ்சேன். காம்பாக்கோட யீஷூன் ஆலையில சர்க்யூட் போர்டு லைன். ஜோகூர்ல இருந்து விடியறதுக்கு முன்னாடியே கம்பெனி பஸ், பாலத்துல குடிநுழைவு, மணிக்கட்டுல பட்டை மாட்டிக்கிட்டு ஷிப்ட் முழுக்க வேலை. அதெல்லாம் இங்க பாதிப் பேருக்குத் தெரிஞ்சதுதான்.

எனக்கு மறக்காதது செப்டம்பர் 2001. எச்.பி. காம்பாக்கை வாங்கப் போகுதுன்னு கேன்டீன் டிவியில செய்தி. ஒருத்தரும் சாப்பிடல. 2,500 கோடி டாலர்னு சொன்னாங்க, அது எவ்வளவுன்னு யாருக்கும் மனசுல பிடிபடல. எங்க லைன்ல மூத்தவங்க ஒரு மலாய்க்கார மக்சிக், நம்ம பெரியம்மா மாதிரி. சூப்பர்வைசர் வந்து என்னென்னவோ விளக்கினார், எல்லாத்தையும் கேட்டுட்டு அவங்க ஒரே கேள்விதான் கேட்டாங்க: "அடுத்த மாசமும் பஸ் வருமா?"

பஸ் வந்துச்சு. அதைக் கேட்டப்போ அவங்க முகம் இருந்த விதம்தான் இன்னும் போகல. வேற ஒண்ணும் சொல்றதுக்கு இல்ல.

வேக்ஸ் மணியம்

அந்த முகத்துக்குக் காரணம் எச்.பி. இல்ல தங்கச்சி, டெக், அதாவது டிஜிட்டல் எக்விப்மென்ட் கம்பெனி. நான் டெக் மினி கம்ப்யூட்டரைப் பார்த்துக்கிட்ட ஆபரேட்டர். 1998ல் காம்பாக் டெக்கை வாங்கியது, 960 கோடி டாலருக்கு. முந்தின வருஷம்தான் டேண்டம்னு இன்னொரு கம்ப்யூட்டர் கம்பெனியை வாங்கியிருந்தாங்க. பிசி வித்துப் பழகின கம்பெனிக்குத் திடீர்னு வங்கி, தொலைபேசி நிறுவனங்களின் பெரிய மிஷின், ஆயிரக்கணக்கான சர்வீஸ் ஆட்கள், மூணு வேற வேற பழக்கவழக்கம். எங்க கம்ப்யூட்டர் அறைக்கு ஒரே வாரத்துல ரெண்டு கோஷ்டி வந்தாங்க, ரெண்டு பேரும் காம்பாக் கார்டுதான் நீட்டினாங்க. ஒருத்தர் டெக்கோட ஆல்ஃபா மிஷின் வாங்கச் சொன்னார், இன்னொருத்தர் இன்டெல் சர்வர் போதும்னார். எதிரெதிர் நாற்காலியில உட்கார்ந்து ஒருத்தரை ஒருத்தர் "நீங்க யாரு?"ன்னு கேட்டுக்கிட்டாங்க. நான் நடுவுல கோப்பி-ஓ குடிச்சிட்டு இருந்தேன்.

1999 ஏப்ரல்ல காம்பாக் தலைமை நிர்வாகி எக்கார்ட் ஃபைஃபரை நீக்கினாங்க. 1994ல் பிசி விற்பனையில கம்பெனியை உலகத்தின் முதலிடத்துக்குக் கொண்டுபோன அதே ஆள். டெக்கை விழுங்காம இருந்திருந்தா இது நடந்திருக்காது.

டெக்கான்னா சும்மாவா

மணியம் அண்ணே, மன்னிக்கணும், ஒத்துக்க மாட்டேன். டெக்கை வாங்காட்டியும் விழுந்திருப்பாங்க. டெல்லை ஏன் விட்டுட்டீங்க?

காம்பாக் வளர்ந்ததே டீலரை வச்சுத்தான். 1983ல் முதல் வருஷமே 11.1 கோடி டாலருக்கு வித்தாங்க, சொந்த விற்பனைப் படை கிடையாது. டீலருக்குப் போட்டியா நாங்களே விக்க மாட்டோம்னு வாக்குக் கொடுத்தாங்க, கடைக்காரன் ஐபிஎம்மைத் தள்ளி வச்சுட்டு இவங்க பெட்டியை முன்னால எடுத்து வச்சான். பத்து வருஷம் கழிச்சு அதுவே கழுத்தைப் பிடிச்சது. ஃபூனான் கம்ப்யூட்டர் மால்ல கடை அலமாரியில வாரக்கணக்குல நிக்குற பெட்டிக்குள்ள சிப்பு, ஹார்ட் டிஸ்க் விலை தினம் இறங்கிட்டே இருக்கும். டெல் என்ன பண்ணான்? போன்ல ஆர்டர் எடு, காசு வாங்கு, அப்புறம் பினாங்குல பூட்டி அனுப்பு. நம்ம வாசல்லயே செஞ்சான். நாங்களும் நேரடியா விக்கலாமேன்னு காம்பாக் யோசிச்சா டீலர் முறைப்பான். 2001ல் டெல் முதலிடத்துக்குப் போயாச்சு.

என் சொந்த அனுபவம் ஒரே வரிதான்: எங்க ஆபீஸ்ல கொள்முதல் பார்த்த அக்கா ரெண்டு விலைச் சீட்டையும் மேசையில பக்கத்துல பக்கத்துல வச்சுட்டு, காம்பாக் சீட்டைத் திருப்பிப் போட்டு அதன் பின்பக்கத்துல மத்தியானச் சாப்பாட்டு ஆர்டர் எழுதினாங்க.

ஆடிட் பையன் சொன்ன பெரியவர் கேள்விதான் இங்கயும். ஐபிஎம் பயோஸை, அதாவது மிஷினைத் துவக்குற அடிப்படை நிரலை, பார்க்காமலே, இன்னொரு கூட்டம் எழுதிக் கொடுத்த விவரத்தை மட்டும் வச்சு புதுசா எழுதினவங்க காம்பாக். அந்தக் கதவு திறந்த பிறகு அதுக்குள்ள மத்தவன் நுழையாம இருப்பானா?

பழைய ஹார்ட் டிஸ்க்

சண்டையை அப்புறம் போடுங்க. யார் வீட்டு ஸ்டோர் ரூம்ல காம்பாக்கோட பழைய டெஸ்க்புரோவோ பிரசாரியோவோ இருக்கோ அவங்க இதைப் படிங்க. யாரும் கேட்கலதான், பரவாயில்ல.

மிஷினைப் போட்டதும் திரையின் வலது மேல் மூலையில ஒரு சின்ன வெள்ளைக் கட்டம் ரெண்டு விநாடி மின்னும். செட்அப்புக்குள்ள போக எஃப்10 அமுக்க வேண்டியது அப்பத்தான். பல மாடல்ல செட்அப் நிரல் போர்டுல இருக்காது, ஹார்ட் டிஸ்க்ல ஒரு சின்ன மறைவுப் பகுதியில இருக்கும். என் மிஷினை ஒரு கடையில கொடுத்தேன், பேர் வேண்டாம். டிஸ்க்கை "சுத்தம்" பண்ணித் தரேன்னு அந்தப் பகுதியையும் சேர்த்து அழிச்சுட்டான். வீட்டுக்கு வந்து பார்த்தா கட்டம் மின்னவே இல்ல. பேட்டரியும் செத்திருந்ததால 162னு ஒரு பிழை எண், ஒவ்வொரு தடவையும் எஃப்1 அமுக்கினாத்தான் நகரும். அந்த மூலை காலியா இருந்தது இன்னிக்கும் கண்ணுல நிக்குது.

செய்ய வேண்டியது: உங்க மாடலுக்குக் காம்பாக் வெளியிட்ட சாஃப்ட்பேக் நிரல் கோப்பைத் தேடுங்க, ஃபிளாப்பியில ஏத்துங்க, ஃபிளாப்பியிலிருந்தே செட்அப் ஓட்டலாம். மறைவுப் பகுதி திரும்ப வேணும்னா டிஸ்க் காலியா இருக்கும்போது முதல்ல அதை உருவாக்குங்க, விண்டோஸ் அதுக்கு அப்புறம்தான். தேதி, நேரப் பேட்டரியை முதல்லயே மாத்துங்க, கசிஞ்சா போர்டையே தின்னுடும். திருகாணி நட்சத்திர வடிவம், டி15. சாதா ஸ்குரூடிரைவரை வச்சு முறுக்கித் தலையை மழுங்கடிக்காதீங்க. பழைய குழாய்த் திரையை மட்டும் வீட்ல திறக்கவே திறக்காதீங்க, உள்ளே மின்சாரம் தங்கியிருக்கும்.

ஜூரோங் தம்பி

அமெரிக்காக்காரனைப் பத்தியே பேசுறீங்களே, நம்ம சிங்கப்பூர் கம்பெனி கிரியேட்டிவ் எங்க போச்சு? சிம் வோங் ஹூ 1981ல் பர்ல்ஸ் சென்டர்ல சின்னக் கடையா ஆரம்பிச்சார். அவங்களும் முதல்ல பிசிதான் செஞ்சாங்க, கியூபிக் CT, 1986. சீன மொழி பேசும் மிஷின். விக்கல. அப்புறம்தான் சத்தத்தை மட்டும் பிடிச்சுக்கிட்டு 1989ல் சவுண்ட் பிளாஸ்டர்னு ஒலி அட்டை. 1992ல் அமெரிக்காவின் நாஸ்டாக் பங்குச் சந்தை. என் மாமா அந்த அட்டையை வாங்கிட்டு வந்த அன்னிக்கு, அதுவரை "பீப்"னு மட்டும் கத்திட்டிருந்த பிசியிலிருந்து மனுஷக் குரல் வந்தது. பாட்டி அடுப்படியிலிருந்து ஓடி வந்து "யாருடா வந்திருக்கா?"ன்னு வாசலைப் பார்த்தாங்க.

வேக்ஸ் மணியம்

தம்பி, அது தனிக் கதை, தனியா எழுது, படிக்கிறேன். டெக்கா தம்பிக்கு: டெல் ஒரு காரணம்தான், மறுக்கல. ஆனா 1991ல் இதே மாதிரி விலைச் சண்டை வந்து, நிறுவனர் ராட் கேனியனையே அனுப்பிட்டு, அடுத்த வருஷம் மலிவு மாடல் இறக்கி எழுந்து நின்ன கம்பெனி அது. ரெண்டாவது தடவை ஏன் முடியல? இடுப்புல டெக் கட்டியிருந்துச்சு. அவ்வளவுதான் என் கட்சி.

ஜோகூர் பொண்ணு

நீங்க ரெண்டு பேரும் பேசுறது எங்க கேன்டீன்ல அன்னிக்கே நடந்துச்சு அண்ணே, அங்கயும் முடியல. எச்.பி. பங்குக்கு நியூயார்க் சந்தையில இன்னும் எச்பிகியூன்னுதான் (HPQ) பேர், அந்த கியூ எங்க Compaqகோடது.

ஆடிட் பையன்

ஹார்ட் டிஸ்க் அண்ணே, டி15 எங்க கிடைக்கும்? முன்னாடின்னா சுங்கை ரோடு சந்தையில பொறுக்கியிருப்பேன், அது 2017லயே மூடிட்டாங்க. என் மச்சான் வீட்ல ஒரு டெஸ்க்புரோ இருக்காம்.

பழைய ஹார்ட் டிஸ்க்

எந்த ஹார்டுவேர் கடையிலயும் இருக்கும், நீளமானதா கேளுங்க. மச்சான்கிட்ட சொல்லுங்க, பேட்டரியைப் பார்க்காம சுவிட்ச் போட வேண்டாம்னு.