சங்கத்தின் பயிற்சிக் குழு ஓராண்டுக்கு என் கையில்: நான் இறங்கிய பிறகும் பயிற்சி நிற்காமல் இருக்க என்ன செய்வது?

கண்ணாடித்தகடு எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். தோல் மருத்துவத்தில் பத்தொன்பது ஆண்டுகளாக இருக்கிறேன். எங்கள் தோல் மருத்துவர் சங்கத்தின் பயிற்சிக் குழுப் பொறுப்பு இந்த ஆண்டு என்னிடம் வந்திருக்கிறது. பதவிக்காலம் ஓராண்டு. அதில் இரண்டு மாதம் போய்விட்டது.

பொறுப்பேற்ற அன்று எனக்கு முன்பிருந்தவர் ஒரு கோப்பைக் கொடுத்தார். உள்ளே ஒன்பது பயிலரங்குகளின் அழைப்பிதழ்கள், வருகைப் பதிவேடு, சான்றிதழ் அச்சடித்த ரசீது. யார் எதைக் கற்றுக்கொண்டார்கள் என்று ஒரு வரிகூட இல்லை. அவர் ஓய்வு பாராமல் உழைத்தவர், அவரைக் குறை சொல்ல மாட்டேன். அவருக்கு முன்பிருந்தவரிடமிருந்து அவருக்கும் இதே மாதிரிக் கோப்புதான் வந்திருக்கிறது.

இது ஏன் என்னை இவ்வளவு வருத்துகிறது என்று சொல்கிறேன். சென்ற மாதம் ஓர் இளம் மருத்துவர் எங்களிடம் வந்து சேர்ந்தார். கெட்டிக்காரர், நோயாளிகளிடம் அன்பாகப் பேசுகிறவர். லேசர், ரசாயனத் தோலுரிப்பு, முடி நடுதல் என்று ஐந்து பயிலரங்குச் சான்றிதழ்கள் வைத்திருந்தார். முதல் வாரத்திலேயே இடுப்பிலும் தொடையிலும் படையோடு ஒரு பெண் வந்தார். ஏழு மாதமாக ஸ்டீராய்டு கலந்த களிம்பைத் தடவி வந்திருக்கிறார். படர்தாமரை என்னும் பூஞ்சைத் தொற்றுக்கே உரிய அந்த வளைய விளிம்பு அழிந்துபோயிருந்தது. இளம் மருத்துவர் எக்சிமா என்று எழுதினார். செதிலைச் சுரண்டிப் பாருங்கள் என்றேன். தயங்கி நின்றார். ஓரத்திலிருந்து சுரண்ட வேண்டும், செதில் கரையப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு சொட்டு விட்டுப் பத்துப் பதினைந்து நிமிடம் பொறுக்க வேண்டும், நுண்ணோக்கியில் ஒளியைத் தணித்துப் பார்க்க வேண்டும். எல்லாம் அவர் படித்ததுதான். கையால் செய்ததில்லை. அருகில் நின்று காட்டிக்கொடுத்தேன். கிளைவிட்ட பூஞ்சை இழைகள் கண்ணில் பட்டதும் அவர் முகம் மலர்ந்ததை மறக்க மாட்டேன். அந்தப் பெண் இழந்த ஏழு மாதத்தையும் மறக்க மாட்டேன்.

அரங்கில் நானூறு பேர் உட்கார்ந்து கேட்பதையே பயிற்சி என்று பழகிவிட்ட ஒரு சங்கத்தை, இருபது பேர் கையால் செய்து பார்க்கும் பயிற்சிக்கு எப்படித் திருப்புவது? திருப்பினாலும், பத்து மாதம் கழித்து நான் இறங்கியதும் அது கலைந்துபோகாமல் இருக்க என்ன வழி? பதவிக்காலத்தை நீட்டலாம் என்று சிலர் சொல்கிறார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை. ஒருவரே உட்கார்ந்திருந்தால் இளையவர்கள் எப்போது வருவது? உங்கள் சங்கங்களில் எப்படி நடக்கிறது என்று சொல்லுங்கள்.

முன்னாள்_தலைவர் எழுதியது:

டாக்டர், பதவிக்காலத்தை நீட்டாதீர்கள். நீங்கள் நினைப்பது சரி. ஓராண்டில் குறையில்லை, ஓராண்டுக்கும் அடுத்த ஓராண்டுக்கும் இடையே பாலம் இல்லாததுதான் குறை. அமெரிக்கத் தோல் மருத்துவ அகாடமி 1938இல் தொடங்கிய அமைப்பு. எவ்வளவோ வளர்ந்த பிறகும் அங்கே தலைவருக்கு ஓராண்டுதான். ஆனால் முந்தைய ஆண்டு முழுவதும் அவர் 'அடுத்த தலைவர்' என்ற பொறுப்பில் கூடவே இருக்கிறார். இறங்கியவரும் உடனே வெளியேறுவதில்லை. ஆக, எந்தக் கூட்டத்திலும் நேற்றைய நினைவும் நாளைய பொறுப்பும் ஒரே மேசையில் இருக்கின்றன.

எங்கள் சங்கத்தில் தலைவர் பதவிக்கு இப்படி ஓர் ஏற்பாடு முன்பே இருந்தது. பயிற்சிக் குழுவுக்கு இல்லை. நான் தலைவராக இருந்தபோது அதைக் கொண்டுவந்தோம். குழுவில் ஒன்பது பேர், ஒவ்வொருவருக்கும் மூன்றாண்டு, ஆண்டுதோறும் மூவர் மட்டும் மாறுவார்கள். ஒருங்கிணைப்பாளராக வருகிறவர் அதற்கு முன் ஓராண்டாவது அந்தக் குழுவில் வேலை செய்திருக்க வேண்டும். இதை விதியாக எழுதிப் பொதுக்குழுவில் நிறைவேற்றினோம். வாய்ப்பேச்சாக விட்டிருந்தால் அடுத்த தேர்தலோடு போயிருக்கும். உங்களுக்கு மீதமிருக்கும் பத்து மாதத்தில் ஒன்றே ஒன்றுதான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள்.

பணத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். லேசர் பயிலரங்குக்கு உதவ நிறுவனங்கள் முன்வரும். செதில் சுரண்டக் கற்றுக்கொடுப்பதற்குப் பணம் தர எந்த நிறுவனத்துக்கும் காரணம் கிடையாது. அதனால் யாரும் கெட்ட எண்ணம் கொள்ளாமலேயே, நாலைந்து ஆண்டுகளில் ஒரு சங்கத்தின் பாடத்திட்டம் பணம் வரும் பக்கமாகச் சாய்ந்துவிடுகிறது. இதை என் கண்ணால் பார்த்தேன். அடிப்படைத் திறன்களுக்கான பயிற்சியை உறுப்பினர் சந்தாவிலிருந்து மட்டுமே நடத்துங்கள். தொகை சிறிதாக இருந்தாலும் பாடம் உங்களுடையதாக இருக்கும்.

நான் செய்த தவறு ஒன்று உண்டு. என் ஆண்டில் பதினொரு பயிலரங்கு நடத்தினேன், பதினொரு தலைப்புகளில். அவற்றில் ஒன்றை எடுத்து அதே இருபது பேருக்கு நான்கு முறை நடத்தியிருக்க வேண்டும் என்று இன்று நினைக்கிறேன். கை ஒரே நாளில் பழகாது.

முதுநிலை_மூன்றாமாண்டு எழுதியது:

மேடம், நீங்கள் சொன்ன இளம் மருத்துவரின் இடத்தில் என்னை வைத்துப் பார்த்தேன். பயிலரங்குகளில் ஒரு பெரியவர் பஞ்ச் பயாப்சி (பரிசோதனைக்காக வட்டக் கத்தியால் சிறு தோல் துண்டை எடுப்பது) செய்வார், நாங்கள் நாற்பது பேர் திரையில் பார்ப்போம். சான்றிதழில் 'செய்முறைப் பயிற்சி' என்றிருக்கும். நான் உண்மையில் கற்றது ஒரு மாலை நேரத்தில், எனக்கு ஓராண்டு மூத்த அக்கா ஒருவர் பக்கத்தில் நின்று என் இடது கையைத் திருத்தியபோது. தோல் இயல்பாக மடியும் கோடுகளுக்குக் குறுக்காக இழுத்துப் பிடித்துக்கொண்டு வெட்டினால், கையை எடுத்ததும் வட்டக் காயம் நீள்வட்டமாகச் சுருங்கும், தையலுக்கு ஒழுங்காக மூடிக்கொள்ளும். புத்தகத்தில் இரண்டு வரி. என் விரல்களுக்கு அது புரிந்தது அன்றுதான்.

பாடப் படங்களைப் பற்றியும் தயவுசெய்து யோசியுங்கள். பெரும்பாலும் வெளுத்த தோலின் படங்களையே எங்களுக்குக் காட்டுகிறார்கள். 'சிவந்திருக்கும்' என்று படித்துவிட்டு வந்தால், கறுத்த தோலில் அதே அழற்சி ஊதாவாகவோ சாம்பல் படிந்த பழுப்பாகவோ தெரிகிறது. சில நேரம் நிறம் தெரியவே தெரியாது, தொட்டுப் பார்த்தால்தான் வெப்பமும் தடிப்பும் தெரியும். முதல் ஆண்டில் இதை நான் பலமுறை தவறவிட்டேன்.

தலைமைப் பயிற்சி பற்றி ஒரு வேண்டுகோள். எங்களில் ஒருவரை 'மாணவர் பிரதிநிதி' என்று குழுவில் சேர்க்கிறார்கள். அவர் குறிப்பெடுக்கிறார், தேநீர் நேரத்தில் பேசுகிறார், அவ்வளவுதான். ஒரு சிறிய வேலையை முழுதாக எங்களிடம் கொடுத்துப் பாருங்கள். தவறு செய்தால் கேள்வி கேளுங்கள். கேள்வி கேட்கப்படும் இடத்தில்தான் நாங்கள் பொறுப்பைக் கற்றுக்கொள்வோம்.

களப்பணி எழுதியது:

முன்னாள் தலைவர் ஐயா சொன்ன விதி அவசியம்தான். ஆனால் விதி குழுவைக் காப்பாற்றும், பயிற்சியைக் காப்பாற்றாது. பயிற்சியைக் காப்பாற்றுகிறவர்கள் ஆசிரியர்கள். உங்கள் சங்கத்தில் எத்தனை பேருக்குக் கற்றுக்கொடுக்கத் தெரியும்? நன்றாகச் செய்யத் தெரிந்தவர்களைக் கேட்கவில்லை. ஒரு தொடக்கநிலையாளர் தடுமாறும்போது கத்தியைப் பிடுங்கிக்கொள்ளாமல் பொறுத்து நின்று, பிறகு ஒரே ஒரு திருத்தத்தை மட்டும் சொல்லத் தெரிந்தவர்களைக் கேட்கிறேன். அவர்களைத் தேடிப் பயிற்றுவிப்பதுதான் உங்கள் முதல் வேலை. ஜார்ஜ் மில்லர் 1990இல் மருத்துவத் திறனை நான்கு படிகளாகப் பிரித்துக் காட்டினார்: அறிவது, எப்படி என்று அறிவது, செய்து காட்டுவது, அன்றாட வேலையில் செய்வது. நம் மாநாடுகள் இரண்டாம் படியில் நின்றுவிடுகின்றன. மேலே உள்ள இரண்டு படிகளுக்குப் பக்கத்தில் நின்று பார்க்கும் ஓர் ஆள் வேண்டும்.

யாருக்குப் பயிற்சி என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். தோல் நோயாளி முதலில் போவது பெரும்பாலும் தோல் மருத்துவரிடம் அல்ல. பொது மருத்துவரிடம், செவிலியரிடம், களப்பணியாளரிடம். உலகத் தோல் மருத்துவச் சங்கங்களின் கூட்டமைப்பு இதை முன்பே உணர்ந்து 1987இல் சர்வதேசத் தோல் மருத்துவ அறக்கட்டளையை உருவாக்கியது. அதன் முயற்சியால் தான்சானியாவின் மோஷியில் 1992இல் ஒரு வட்டாரப் பயிற்சி மையம் தொடங்கியது. மருத்துவர் பட்டம் இல்லாத மருத்துவ அலுவலர்கள் பல ஆப்பிரிக்க நாடுகளிலிருந்து வந்து இரண்டாண்டு படித்துவிட்டுத் தங்கள் ஊர்களுக்குத் திரும்புகிறார்கள். அந்த மையம் தலைமை மாற்றங்களைத் தாண்டி நிலைத்திருக்கக் காரணம், அங்கே பயிற்சி என்பது ஒரு தலைவரின் ஓராண்டுத் திட்டம் அல்ல. அதற்கென்று இடம் இருக்கிறது, பாடத்திட்டம் இருக்கிறது, ஆசிரியர்கள் இருக்கிறார்கள்.

2017இல் சிரங்கு உலகச் சுகாதார நிறுவனத்தின் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்களின் பட்டியலில் சேர்ந்தது. 2025 மே மாதம் உலகச் சுகாதாரப் பேரவை தோல் நோய்களை உலகப் பொதுச் சுகாதார முன்னுரிமையாக ஏற்றுத் தீர்மானம் நிறைவேற்றியது. இவ்வளவு கிடைத்த பிறகும் நம் சங்கங்கள் தங்களுக்குள்ளேயே பயிலரங்கு நடத்திக்கொண்டிருந்தால் வருத்தமாக இருக்கிறது.

கண்ணாடித்தகடு எழுதியது:

மூவருக்கும் நன்றி. இரண்டு நாளாக உங்கள் பதில்களைத் திரும்பத் திரும்பப் படித்தேன். நேற்றுச் செயற்குழுக் கூட்டம் இருந்தது. நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

இந்த ஆண்டு மூன்றே திறன்கள் என்று முடிவு செய்தோம். செதில் சுரண்டிப் பூஞ்சை பார்ப்பது, பஞ்ச் பயாப்சி, தொழுநோய்க் கிருமி இருக்கிறதா என்று பார்க்கக் காதுமடலில் சிறு கீறலிட்டுத் திசுநீரைக் கண்ணாடித்தகட்டில் பூச்சாக எடுப்பது. ஒவ்வொன்றுக்கும் அதே இருபது பேர், நான்கு முறை. லேசரை ஏன் விட்டீர்கள் என்று இருவர் கேட்டார்கள். லேசருக்கு வேறு இடங்களில் வாய்ப்பு இருக்கிறது, இவற்றுக்கு இல்லை என்றேன். பொது மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும் தனியாக ஓர் அரைநாள் வகுப்பு. அதில் ஸ்டீராய்டு களிம்பை எவ்வளவு, எத்தனை நாள் என்பதை மட்டும் எடுத்துக்கொள்கிறோம். ஆள்காட்டி விரலின் நுனியிலிருந்து முதல் மடிப்பு வரை பிதுக்கினால் ஏறத்தாழ அரை கிராம், விரல்களையும் சேர்த்து இரண்டு கைத்தலம் அளவுள்ள தோலுக்கு அது போதும். இந்த விரல்நுனிக் கணக்கு 1991 முதல் நம்மிடம் இருக்கிறது. இதை நோயாளிக்குக் கையில் காட்டி விளக்கும் மருத்துவரை நான் அதிகம் பார்த்ததில்லை.

வருகைப் பதிவேட்டை எடுத்துவிட்டோம். அதற்குப் பதிலாக ஒரு தாள்: யார் செய்தார், யார் அருகில் நின்று பார்த்தார், என்ன திருத்தம் சொன்னார். பதினைந்து நிமிட வேலை. இதுவே அடுத்தவருக்கு நான் கொடுக்கப்போகும் கோப்பு.

ஒரு தடை வந்தது. "மூத்தவர்களை நின்று கவனித்துத் தாள் நிரப்பினால் அவமானமாக எடுத்துக்கொள்வார்கள்" என்றார் எங்கள் பொருளாளர். அவர் சொன்னதில் உண்மை இருக்கிறது. நம் துறையில் வயதுக்கு மரியாதை உண்டு, அது இருக்கவும் வேண்டும். அதனால் முதல் தாள் என் பெயரில். காதுமடல் பூச்சு நான் எடுத்துப் பல ஆண்டுகள் ஆகின்றன. வரும் சனிக்கிழமை நான் எடுக்கிறேன், எங்களிடம் சேர்ந்த அந்த இளம் மருத்துவர் கவனித்து எழுதுவார். கூட்டம் முடிந்து வெளியே வந்தபோது பொருளாளர், "இரண்டாவது தாளில் என் பெயரைப் போடுங்கள்" என்றார்.

ஐயா, உங்கள் சங்கத்தின் அந்த விதியின் வாசகத்தை அனுப்ப முடியுமா? பொதுக்குழு கூட இன்னும் நான்கு மாதம் இருக்கிறது. அடுத்த ஆண்டு ஒருங்கிணைப்பாளராக வரக்கூடியவரை இந்த மாதமே குழுவில் சேர்த்துவிட்டோம்.

தங்கையே, உங்களிடம் ஒரு வேலை. கறுத்த தோலில் நோய்கள் எப்படித் தெரிகின்றன என்று காட்டும் படத் தொகுப்பு எங்கள் சங்கத்துக்கு வேண்டும். எங்களிடம் முதுநிலை படிக்கும் நால்வரிடம் முழுப் பொறுப்பையும் கொடுக்கிறேன். அவர்கள் எங்கே சறுக்கக்கூடும் என்று உங்கள் அனுபவத்திலிருந்து முன்கூட்டியே சொல்லுங்கள்.

முன்னாள்_தலைவர் எழுதியது:

இன்றிரவே தனிச்செய்தியில் அனுப்புகிறேன். மூன்றாம் பத்தியை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். பதவி விலகியவரின் இடத்தை எத்தனை நாளுக்குள் நிரப்ப வேண்டும் என்று அதில் இருக்கிறது. அது இல்லாமல் எங்களுக்கு ஒரு முழு ஆண்டு வீணாயிற்று.

முதுநிலை_மூன்றாமாண்டு எழுதியது:

மேடம், மகிழ்ச்சியாக இருக்கிறது. எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். ஒப்புதல் படிவத்தில் சிகிச்சைக்காகப் படம் எடுப்பதும் கற்பிப்பதற்காக அதைக் காட்டுவதும் தனித்தனிக் கையெழுத்தாக இருக்கட்டும். கண்ணை மறைத்தால் போதும் என்று நினைத்துவிட வேண்டாம். பச்சை குத்தியது, பழைய தழும்பு, தாலி, மோதிரம் எல்லாம் ஆளைக் காட்டிக்கொடுக்கும். எந்த விளக்கில் எடுத்த படம் என்று ஒவ்வொன்றின் கீழும் எழுதச் சொல்லுங்கள். மஞ்சள் விளக்கில் எடுத்தால் ஊதா பழுப்பாகிவிடும். எங்கள் முதல் முப்பது படங்களை அப்படித்தான் தூக்கிப் போட வேண்டியதாயிற்று.