எண்டெவர் 1:64: அணியத்துல (கப்பலின் முன்பக்கம்) பட்டை படிக்கட்டு மாதிரி எழும்புது, அடிப்பாகத்துக்கு எந்த வெள்ளை?

நங்கூரம்:
கேப்டன் குக்கின் எண்டெவர் கப்பல், 1:64 மர மாடல், உடல்மேல ரெண்டு அடுக்கா மரப்பட்டை ஒட்டற கிட். முதல் அடுக்கு 1.5 × 5 மி.மீ. லைம் மரம், மேல் அடுக்கு 0.5 மி.மீ. வால்நட். மேலேருந்து ஆரம்பிச்சு ரெண்டு பக்கமும் ஆறாறு பட்டை ஒட்டியாச்சு. எதையும் சீவலை, முழு அகலத்துலயே போயிருக்கு. நாலாவது பட்டையிலிருந்து, முதல் ரெண்டு பல்க்ஹெட் (உடலைத் தாங்கற குறுக்குச் சட்டம்) பக்கம் ஒரு விளிம்பு தூக்கிக்கிட்டு நிக்குது. அமுக்கினா படியுது, விட்டா எழும்புது. இன்னும் மூட வேண்டிய இடம்: நடு பல்க்ஹெட்டில் 96 மி.மீ., முதலாவதில் 58, கடைசியில் 104.

இதைத் தேய்ச்சே சரிபண்ண முடியுமா, பிடுங்கணுமா? அப்புறம், பெட்டிப் படத்துல வாட்டர்லைனுக்கு (நீர்மட்டக் கோடு) கீழே பளீர்னு வெள்ளை. செம்புத் தகடு ஒட்டினா தப்பா?

தச்சுமேசை:
படிக்கட்டு வர்றதுக்குக் காரணம் பசை இல்லை, அகலம். பட்டை தட்டையா வளையும், கொஞ்சம் முறுக்கும், பக்கவாட்டில் வளையாது. மேல் பட்டையோடு சேர்க்க நீங்க பக்கவாட்டில் தள்ளும்போது ஒரு விளிம்பு நீளணும், இன்னொன்று சுருங்கணும். மரம் ரெண்டுக்கும் ஒத்துவராது, புடைச்சுக்கிட்டு வெளியே வரும். எண்டெவர் நிலக்கரி ஏத்த இங்கிலாந்தின் விட்பியில் கட்டின கப்பல். அணியம் பானை மாதிரி உப்பலா இருக்கும், அதனால இந்தத் தொல்லை இதில் இரட்டிப்பு.

கணக்கு இப்படி: 96-ஐ 5-ஆல் வகுத்தா 19.2, ஆக 20 பட்டை. அணியத்தில் 58-ஐ 20-ஆல் வகுத்தா 2.9 மி.மீ. பாதி அகலத்துக்குக் (2.5) கீழே போகாத வரை சீவலாம். அதுக்கும் கீழே போனா நுனி ஆணிகூடத் தாங்காது. அப்போ ரெண்டு பட்டையை ஒன்றாகச் சேர்த்து முடிக்கணும். பின்புறம் 20 பட்டை சேர்ந்து 100 மி.மீ. தான் மூடும். மிச்சம் 4 மி.மீ.க்கு ஒரு ஆப்புப் பட்டை செருகுங்க. அங்கே பட்டைகளை இழுத்துப்பிடித்து இடைவெளியை மூடப் பார்க்காதீங்க.

நடுவிலுள்ள பல்க்ஹெட்டுகளை ஊகிக்க வேண்டாம். ஒவ்வொன்றிலும் காகிதக் கீற்றைச் சுற்றி அளந்து, அதே எண்ணால் வகுத்து, பென்சிலில் குறியுங்க. சீவ வேண்டியது ஏற்கெனவே ஒட்டிய பட்டையைத் தொடும் விளிம்பை.

சீவுளி:
கணக்கு சரி, ஆனா மேலே உள்ள ஆறையும் அப்படியே விட்டாத்தான் அது பொருந்தும். எழும்பி நிக்கிற 4, 5, 6 மூணையும் எடுத்துடுங்க சார், ரெண்டு பக்கமும். படியைத் தேய்ச்சா 1.5 மி.மீ.யில் என்ன மிஞ்சும்? எடுத்த பிறகு 111, 73, 119 ஆகும். 23 பட்டை, நடுவில் 4.8, அணியத்தில் 3.2 மி.மீ. ரொம்ப நிம்மதியான அளவு. பின்புற ஆப்பு அதே 4 மி.மீ.தான். ஃபெவிகால்னா ஐசோப்ரொபைல் ஆல்கஹாலை பிரஷ்ஷால தடவி, பத்து நிமிஷம் விட்டு, மெல்லிய பிளேடை நுழைச்சா வந்துடும்.

முதல் ரெண்டு பல்க்ஹெட்டுக்கும் நடுவே பால்சா (லேசான மென்மரம்) கட்டை இருக்கா? இல்லைன்னா, கீழ்ப்பக்கம் திறந்திருக்கும்போதே வெச்சு வடிவத்துக்குத் தேய்ச்சிடுங்க. பட்டைக்குப் பிடிமானமே அதுதான்.

லைம் பட்டையை வெந்நீரில் 15-20 நிமிஷம் ஊறவைங்க, அணியத்தில் கிளிப் போட்டு ராத்திரி முழுக்கக் காயவிடுங்க, காஞ்ச பிறகே பசை. ஈரத்தோட ஒட்டினா அன்னைக்கு அழகா சேர்ந்திருக்கும். காஞ்சதும் அகலம் சுருங்கி ஒவ்வொரு இணைப்பிலும் கோடு விழும். இடதில் ஒன்று ஒட்டினா அடுத்தது வலதில். ஒரே பக்கமா போனா கீல் (கப்பலின் அடிமரம்) முறுக்கிக்கும், அப்புறம் எந்தத் தேய்ப்பும் உதவாது.

கீலை ஒட்டிய முதல் பட்டையை முன்தண்டு (அணிய நுனியில் எழும்பற மரம்) மேலே ஏத்திவிடாதீங்க. வளைவு தொடங்கும் இடத்தோட நிறுத்துங்க. அது ஏறினா மேலேருந்து வர்ற பட்டைங்க எல்லாம் நுனியில் நெரிபடும்.

வார்னிஷ்காரர்:
செம்பு வேண்டாம். டால்ஃபின் கப்பலுக்கு 1764-லேயே செம்பு அடித்திருந்தாலும், 1768-ல் புறப்பட்ட எண்டெவருக்கு அடிக்கவில்லை. மரத்தைக் குடையும் கப்பல் புழுவுக்காக மெல்லிய மரப்பலகையை மேலுறையாக அறைந்து, அதன்மேல் திமிங்கில எண்ணெய், குங்கிலியம், கந்தகம் கலந்த பூச்சு பூசினார்கள். அந்தக் கலவை பால்வெள்ளை அல்ல, பழைய தந்தம் போன்றது. அக்ரிலிக்கில் 10 சொட்டு வெள்ளைக்கு 1 சொட்டு பஃப் (வெளிர் மஞ்சள்பழுப்பு) போதும். பளீர் வெள்ளை இந்த அளவு மாடலில் பிளாஸ்டிக் பொம்மை ஆக்கிவிடும்.

வால்நட் அடுக்கை 180, 240, 320 உப்புத்தாள் என்று வரிசையாகத் தேயுங்கள். பள்ளங்களுக்குப் பட்டி, பிறகு சாண்டிங் சீலர் ஒரு கை, மறுபடி 320. சீலர் இல்லாமல் அக்ரிலிக் பூசினால் தண்ணீரைக் குடித்து மர நார் முள் முள்ளாக நிமிரும். அதன்மேல் எத்தனை கோட் அடித்தாலும் சொரசொரப்புதான்.

வாட்டர்லைன்: கப்பலைச் சரியான சாய்வில் தாங்கியில் நிறுத்தி, பென்சிலை ஒரு கட்டையில் கட்டி, தட்டையான மேசை மேல் சுற்றி இழுங்கள். அணியத்தின் உப்பலில் அகல டேப் மடங்கும், 2-3 மி.மீ. வினைல் டேப்பை முதலில் ஒட்டி, அதற்கு வெளியே அகல டேப். டேப் விளிம்பில் தெளிவான மேட் வார்னிஷ் ஒரு கோடு அடித்துக் காயவிடுங்கள். கசிவதாக இருந்தால் வார்னிஷ் கசியட்டும், வெள்ளை கசியாது. பிறகு நீர்த்த பெயின்ட் நாலைந்து மெல்லிய கோட்.

நங்கூரம்:
நன்றி. மேல் அடுக்கை ஃபெவிக்விக்கில் ஒட்டலாமா? சீக்கிரம் முடியுமே.

சீவுளி:
வெள்ளை வரப்போற பாகத்துல தாராளமா. மேலே வார்னிஷோட மரம் தெரியப்போற இடத்துல வேண்டாம். அது நாருக்குள்ள ஊறிட்டா வார்னிஷ் அங்கே இறங்காது, விரல் ரேகை மாதிரி பளபளன்னு திட்டு நிக்கும். அங்கே பட்டை நீளத்துக்கு ஃபெவிகால் மெல்லிசா பூசி, ரெண்டு நுனியில மட்டும் ஒரு சொட்டு ஃபெவிக்விக். ஃபெவிகால் காயற வரைக்கும் அந்தச் சொட்டு பிடிச்சுக்கும்.